பெரிய நடைபாதை வந்துவிட்டது, லயத்துப் படிக்கட்டு எப்போது வரும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கொட்டகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் 1984 முதல் 2017 வரை மருத்துவமாதாக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். முப்பத்து மூன்று வருடமும் லயம் லயமாக, தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள் தோறும், நடந்தே போனேன். கையில் ஒரு பெட்டி, தோளில் குடை, அட்டைக் கடிக்குச் சேலை முந்தானையில் முடிந்த உப்பு. எந்தக் குறுக்கில் எத்தனை படி, எந்தப் படி ஆடும், எந்தக் கானை, அதாவது வடிகாலை, மழையில் தாண்டக்கூடாது என்பதெல்லாம் இன்றைக்கும் என் முழங்காலுக்குத் தெரியும். பாதைகளைப் பற்றி நாலு வார்த்தை எழுத எனக்கும் உரிமை உண்டு என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். இடம் தந்து உதவ வேண்டும்.

பீக்கோ ட்ரெயில் என்ற நெடுநடைபாதை எங்கள் தோட்டத்தின் மேல் பக்கமாகப் போகிறது. கண்டி ஹந்தானையில் தொடங்கி, கலஹா, லூல்கந்துர, பூண்டுலோயா, வட்டகொடை, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை என்று ஏறி இறங்கி, அப்புத்தளை, எல்ல பக்கமாகச் சுற்றி, நுவரெலியாவில் வந்து முடிகிறது. 22 கட்டங்கள், 300 கிலோமீட்டருக்கு மேல் தூரம். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க உதவி நிறுவனமும் பணம் கொடுத்தன. வழிகாட்டிப் பலகைகள் நட்டார்கள், வரைபடம் போட்டார்கள். இன்று உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் முதுகில் பையைக் கட்டிக்கொண்டு எங்கள் மலைகளில் நடக்க வருகிறார்கள்.

இது எனக்கு உண்மையான சந்தோஷம். அந்தப் பாதையில் பெரும் பகுதியைப் புதிதாக யாரும் வெட்டவில்லை. லூல்கந்துரவில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட காலம் தொட்டு, எங்கள் பாட்டன்மாரும் பூட்டன்மாரும் மண்வெட்டியும் அலவாங்கும் கொண்டு வெட்டிய கரத்தை ரோடுகளும் குறுக்குகளும்தான் அவை. கொழுந்துச் சாக்கையும் தேயிலைப் பெட்டியையும் கொண்டுபோகப் போட்ட பாதைகள். அவற்றை ஒன்றோடொன்று தொடுத்துப் பெயர் வைத்தார்கள். 2023இல், மலையகத்தார் இலங்கைக்கு வந்த 200 வருட நினைவாக ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்த நடைபயணத்தில், கடைசி நாள் நானும் போய்ச் சேர்ந்துகொண்டேன். கால் வலித்தது. ஆனால் நம் ஆட்கள் நடந்து வந்த வழியை நாடு திரும்பிப் பார்த்தது என்ற நிறைவோடு வீடு திரும்பினேன். பீக்கோ பாதையில் வெளிநாட்டார் நடப்பதைப் பார்க்கும்போதும் அதே நிறைவு எனக்கு வருகிறது.

என் மனதை அரிப்பது வேறொன்று. அந்தப் பெரிய பாதைக்கும் கீழே இருக்கும் எங்கள் பணிய லயத்துக்கும் நடுவில் இருப்பது 640 மீட்டர். அந்த 640 மீட்டருக்கு இன்றுவரை யாரும் ஒரு மூடை சீமெந்து கொடுக்கவில்லை.

இடத்தைக் கொஞ்சம் விளக்குகிறேன். மேலே, கொழுந்து நிறுக்கும் கொட்டகையான கொழுந்து மடுவம் இருக்கிறது. பீக்கோ பாதை அந்த மடுவத்தின் வாசலைத் தொட்டுக்கொண்டு போகிறது. வாகனம் வரக்கூடிய கடைசி இடமும் அதுதான். மடுவத்துக்குப் பக்கத்தில் நிற்கும் இரண்டு சவுக்கு மரங்களுக்கு நடுவிலிருந்து கல் படிகள் இறங்குகின்றன. 212 படிகள். நான் எண்ணியிருக்கிறேன், ஒரு தடவை அல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் உளி கொண்டு கொத்திய கருங்கல். நடுப்பாகம் கால் பட்டுப் பட்டுக் குழிந்து, மழை பெய்தால் ஒவ்வொரு படியிலும் ஒரு கை தண்ணீர் நிற்கும். எழுபதாவது படிக்கு அருகில், நூற்றுப் பத்துக்கு அருகில், ஓடைக்கு மேலே என்று மூன்று இடத்தில் கல் பெயர்ந்து மண் சரிந்துவிட்டது. அந்த இடங்களில் தேயிலைத் தூரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். கீழே ஓடை. அதன் மேல் இரண்டு சவுக்கு மரத்தைக் கிடத்தி, வழுக்காமல் இருக்கப் பழைய தகரத்தை ஆணி அடித்து வைத்திருக்கிறோம். தகரம் துருப்பிடித்து விளிம்பு கத்தி போல எழும்பி நிற்கிறது. பாடசாலைப் பிள்ளைகளின் கெண்டைக்காலில் அந்தத் தகரம் கிழித்த தழும்புகளுக்கு மருந்து போட்டவள் நான். ஓடையைத் தாண்டினால் லயம். 24 காம்பராக்களில், அதாவது அறைகளில், 31 குடும்பங்கள்.

2008 வைகாசி மாதத்தில் ஓர் இரவை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். தென்மேற்குப் பருவமழை பிடித்து நான்காவது நாள். பணிய லயத்தில் ஒரு பெண்ணுக்குத் தலைப்பிள்ளை. வலி எடுத்து நேரமாகியும் பிள்ளை இறங்கவில்லை. வைத்தியசாலைக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டேன். தோட்டத்து லொறி மடுவத்தில் வந்து நின்று ஹோர்ன் அடித்தது எங்களுக்குக் கேட்கிறது. ஆனால் லொறிக்குப் போக வேண்டுமே! கம்பளியில் அவளைக் கிடத்தி, இரண்டு முனையையும் சவுக்குக் கம்பில் கட்டி, நாலு பேர் தூக்கினார்கள். நான் டோர்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். பாலத்தில் ஒரே நேரத்தில் இரண்டு பேர்தான் கால் வைக்கலாம் என்பதால், முன்னால் இருந்தவர்கள் அக்கரை போய், கம்பை நீட்டி வாங்கினார்கள். கீழே தண்ணீர் இரைகிறது, மேலே அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறாள்.

நூற்றுப் பத்தாவது படிக்கு அருகே, முன்னால் தூக்கியவரின் கால் மண்ணோடு போய்விட்டது. அவர் முழங்காலில் விழுந்தார், ஆனால் கம்பைக் கைவிடவில்லை. அந்த ஆட்டத்தில் பனிக்குடம் உடைந்தது. அதற்கு மேல் தூக்க முடியாது. அந்த இடத்திலேயே, தேயிலைக்கு நடுவில், மூன்று குடையை விரித்துப் பிடிக்கச் சொல்லி, படங்குச் சாக்கைக் கீழே விரித்து, பிள்ளையை எடுத்தேன். பெண் பிள்ளை. முதலில் அழவில்லை. முதுகைத் தேய்த்து, வாயைத் துடைத்து, காலைச் சுண்டி, கடைசியில் அழுதது. அந்த அழுகைச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, கம்பைப் பிடித்திருந்த நாலு ஆண்களும் மழைக்குள் நின்றுகொண்டு அழுதார்கள்.

தாயும் பிள்ளையும் தப்பினார்கள். அது கடவுள் செயல். பாதை எங்களுக்கு ஓர் உதவியும் செய்யவில்லை.

இன்று காலம் மாறியிருக்கிறது. 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வருகிறது. இந்தியாவின் நன்கொடையில் 2016இல் தொடங்கிய சேவை. எத்தனை உயிரைக் காப்பாற்றியிருக்கும்! ஆனால் அந்த வண்டியும் அதே மடுவத்தில்தான் வந்து நிற்கிறது. அங்கிருந்து கீழே இன்றைக்கும் கம்பளியும் கம்பும்தான். ஏழாம் மாதம் ஆகிவிட்டால் எங்கள் பெண்கள் மழைக் காலத்தில் கிளினிக்குக்குப் போகத் தயங்குவதற்கும் இந்தப் படிகள்தான் காரணம். அறிவுரைக்குப் பஞ்சமில்லை. நானே வருடக்கணக்காகச் சொல்லியிருக்கிறேன். வழுக்கி விழுந்தால் என்ன ஆகும் என்று அவர்கள் திருப்பிக் கேட்டால் என்னிடம் பதில் இருந்ததில்லை.

அந்த மழை இரவில் பிறந்த பிள்ளை இப்போது உயர்தரம் படிக்கிறாள். அவளுடைய தாய் கொழுந்து எடுக்கிறாள். பீக்கோ பாதையில் ஆட்கள் நடக்கத் தொடங்கியதும் அந்தத் தாய்க்கு ஒரு யோசனை வந்தது. நடக்கிறவர்களுக்கு என்ன வேண்டும் என்று மடுவத்தில் நின்று கவனித்திருக்கிறாள். தேநீர், கொஞ்சம் சாப்பாடு, எல்லாவற்றுக்கும் மேலாகச் சுத்தமான கழிவறை. கைக்கடன் வாங்கித் தன் வீட்டுக் கழிவறைக்கு வெள்ளை ஓடு பதித்தாள். நான்கு கண்ணாடிக் குவளை வாங்கினாள். ரொட்டி சுடும் கல்லைப் புதிதாகப் பழக்கினாள். மகள் ஆங்கிலத்தில் ஓர் அட்டை எழுதி மடுவத்து மரத்தில் கட்டினாள்.

சென்ற வருடம் மாசி மாதத்தில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வந்தார்கள். இருவருக்கும் அறுபதுக்கு மேல் இருக்கும். அட்டையைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கத் தொடங்கினார்கள். நான் அன்று மடுவத்தில்தான் இருந்தேன். எழுபதாவது படிச் சரிவை, தடியை ஊன்றி ஊன்றி ஒருவாறு தாண்டினார்கள். ஓடைக்கு வந்ததும் அந்த மனிதர் நின்றுவிட்டார். இரண்டு மரத்தையும் தகரத்தையும் பார்த்தார், மனைவியின் முகத்தைப் பார்த்தார், பிறகு அக்கரையில் நின்ற எங்கள் பெண்ணை நோக்கி இரண்டு கையையும் கூப்பினார். திரும்பி மேலே ஏறி வந்துவிட்டார்கள். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவர்கள் மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். "தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது, மிஸி. அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்களுக்கு நம் ஓடையைத் தாண்ட முடியவில்லையே" என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

பெரிய பாதையால் மலைநாட்டுக்கு வருமானம் வரும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். வரத்தான் செய்கிறது. ஆனால் ரோட்டு ஓரத்தில் கட்டடம் வைத்திருப்பவருக்கும், நகரத்தில் அறை வாடகைக்கு விடுபவருக்கும் வருகிறது. பாதையை வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் 640 மீட்டர் கீழே இருக்கிறார்கள். அவர்களிடம் வருமானம் இறங்கி வரப் படி இல்லை.

எங்கள் லயத்தார் கேட்காமல் இருந்துவிடவில்லை. நான்கு வருடத்தில் ஐந்து கடிதம் எழுதினோம். மூன்றை எழுதிக் கொடுத்தவள் நான். ஓர் அலுவலகத்தில், அது தோட்டக் காணி, தோட்ட நிர்வாகத்தின் சம்மதக் கடிதம் இல்லாமல் கைவைக்க முடியாது என்றார்கள். நிர்வாகத்திடம் போனால், காணி அரசாங்கத்துடையது, நாங்கள் குத்தகைக்காரர், கொழும்புத் தலைமை அலுவலகத்தைக் கேட்க வேண்டும் என்றார்கள். கொழும்பிலிருந்து பதில் இல்லை. இன்னொரு மேசையில், இது பாதையா படிக்கட்டா, படிக்கட்டு என்றால் எங்கள் பிரிவு அல்ல என்றார்கள். யாரையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்ட நான் இதை எழுதவில்லை. ஒவ்வொருவரும் தத்தமது விதியைச் சொன்னார்கள். மழை மட்டும் யாருடைய விதிக்கும் காத்திராமல் வருடத்துக்கு இரண்டு படி வீதம் கொண்டுபோகிறது.

இந்த இடத்தில் ஒரு சட்ட விடயத்தை வாசகர்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காரணம் காட்டித்தான், தோட்டங்களுக்குள் பிரதேச சபைகள் பணம் செலவிட முடியாது என்று முப்பது வருடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாம் வாக்குப் போட்டோம், உறுப்பினர்களைத் தெரிவு செய்தோம், ஆனால் நம் லயத்து வாசலில் ஒரு கான் கட்ட அந்தச் சபைக்கு அதிகாரம் இருக்கவில்லை. அந்தப் பிரிவு 2018இல் திருத்தப்பட்டது. அதே காலத்தில் நுவரெலியா மாவட்டத்தில் கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா என்று புதிய சபைகளும் வந்தன. ஆகவே "தோட்டக் காணி" என்ற ஒற்றைச் சொல்லைச் சொல்லி இனி யாரையும் திருப்பி அனுப்ப முடியாது. ஆனால் பழைய பதில் அதிகாரிகளின் வாயில் இன்னும் உயிரோடு இருக்கிறது. நம் ஆட்களுக்கும் சட்டம் மாறியது தெரியாததால், தலையாட்டிவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறார்கள்.

என் தம்பியின் மகள் அமெரிக்காவில் ஒரு சிற்றூரின் நகரசபையில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறாள். எங்கள் படிக்கட்டுக் கதையைத் தொலைபேசியில் அவளிடம் சொன்னபோது, "அத்தை, இதற்கென்றே இங்கே அரசாங்கப் பணம் இருக்கிறது" என்றாள். நான் விடாமல் கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

பொழுதுபோக்கு நடைபாதைகளுக்கான கூட்டாட்சி உதவித் திட்டம் ஒன்று அங்கே 1991இல் உருவாக்கப்பட்டிருக்கிறது. ரோட்டில் ஓடாமல் காட்டுவழி, பனிவழி என்று ஓடும் வண்டிகளுக்குப் போடும் எரிபொருளின் வரியிலிருந்து அதற்குப் பணம் வருகிறது. மத்திய அரசு மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது, மாநிலங்கள் ஊர்களுக்குக் கொடுக்கின்றன. புதுப் பாதை போடுவதற்கு மட்டுமல்லாமல், இருக்கிற பாதையைப் பழுதுபார்ப்பதற்கும், ஓர் ஊரிலிருந்து பெரிய பாதைக்குச் சேரும் கிளைப் பாதை அமைப்பதற்கும், பாதை தொடங்கும் இடத்தில் வசதிகள் செய்வதற்கும் அதில் இடம் உண்டு. பொதுவாகச் செலவில் 100க்கு 80 வரை அரசாங்கம் தரும். மீதியை ஊர் போட வேண்டும்.

இங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஊரின் பங்கைக் காசாகவே கொடுக்க வேண்டும் என்றில்லையாம். ஊரார் வந்து மண் வெட்டினால் அந்த மணித்தியாலங்களுக்குக் கூலி கணக்கிட்டு, அதையும் ஊரின் பங்காகச் சேர்த்துக்கொள்ளலாம். கல், மரம் கொடுத்தாலும் அப்படியே. வந்தவர்களின் பெயரையும் நேரத்தையும் எழுதிக் கையெழுத்து வாங்குவது என் மருமகளின் வேலைகளில் ஒன்று.

ஆசிரியர் அவர்களே, இதற்கு நம்மிடம் ஒரு சொல் இருக்கிறதே, சிரமதானம் என்று! கோயில் கட்டியது சிரமதானம், பிள்ளைக் காம்பராவுக்கு வெள்ளை அடித்தது சிரமதானம், மண் சரிந்தால் ரோட்டைத் திறப்பது சிரமதானம். தலைமுறை தலைமுறையாக உழைப்பைக் கொடுத்திருக்கிறோம். அந்த உழைப்பை ஒருநாளும் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் பணமாக எழுதியதில்லை. "உங்கள் பங்கு எவ்வளவு?" என்று ஒரு திட்டக்காரர் கேட்டால், நம் ஆட்கள் வெறுங்கையை விரிப்பார்கள். வெறுங்கை அல்ல அது. கூடை சுமந்த கை, கவ்வாத்துக் கத்தி பிடித்த கை. அதற்கு விலை போட்டு நம் பங்காக ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதே நான் கேட்பது.

அந்நாட்டு முறையில் நமக்கு ஒத்துவராத ஒன்றும் இருக்கிறது. அங்கே ஊர் முதலில் தன் பணத்தைச் செலவழித்து, பிறகு பற்றுச்சீட்டைக் காட்டித் திரும்பப் பெற வேண்டுமாம். நாட்சம்பளத்தில் வாழும் லயத்தாருக்கு அது முடியாது. கடைக்காரர் ஒரு மூடை சீமெந்தைக் கடனாகத் தந்தால் அடுத்த மாதம் அரிசிக்கு வழி இருக்காது. நமக்கு முன்பணமாகத் தவணை தவணையாகத் தர வேண்டும். முதல் தவணைக்கு வேலை முடிந்ததைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால் அடுத்த தவணை. கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்குச் சிறு வேலைகளை ஒப்படைக்கும் வழக்கம் நம் நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. அதே முறையை இந்தக் கிளைப் பாதைகளுக்கும் கொண்டுவரலாம்.

பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். பதிவு செய்யப்பட்ட சுற்றுலா நிறுவனங்கள் தங்கள் மொத்த வரவில் 1 சதவீதத்தைச் சுற்றுலா அபிவிருத்தி வரியாகச் செலுத்துகின்றன. 2003ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் வந்த காலத்திலிருந்து நடந்துவருகிறது. நடக்க வருகிறவர்களால் கிடைக்கும் அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கை, அவர்கள் நடக்கும் பாதைக்குப் பக்கத்து லயங்களையும் சிங்களக் கிராமங்களையும் பாதையோடு இணைக்க ஒதுக்கினால் என்ன? கிராமங்கள் என்று வேண்டுமென்றே எழுதுகிறேன். எங்கள் மலைக்கு அந்தப் பக்கத்தில் இருக்கும் கிராமத்துக் குடும்பங்களுக்கும் இதே கதைதான். அவர்களுடைய பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் ஒரே சேற்றைத்தான் மிதிக்கிறார்கள்.

எங்கள் படிக்கட்டுக்கு எவ்வளவு ஆகும் என்று தோட்டத்து மேசன் ஒருவரை வைத்து அளந்து பார்த்தோம். 60 மூடை சீமெந்து, 3 கியூப் மணல், கொஞ்சம் கருங்கல் சல்லி, கைப்பிடிக்கு இரும்புக் குழாய், பாலத்துக்குக் கம்பியும் பலகையும். பொருளுக்கு மட்டும் ஆறேழு லட்சம் ரூபா. உடைந்த மூன்று இடத்தையும் கட்டி, ஓடைக்கு மேல் நாலடி அகலத்தில் கொங்கிரீட் பாலம் போட்டு, இறங்கும் பக்கம் முழுவதும் கைப்பிடி வைக்க இது போதும். கூலி எங்களுடையது. 31 குடும்பமும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆள் தருவதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. சிலர் கைநாட்டு வைத்திருக்கிறார்கள்.

இதை எழுதும்போது இன்னும் இரண்டு விடயங்கள் நெஞ்சில் நிற்கின்றன.

ஒன்று, கான். பாதை போடுகிறவர்கள் கல்லையும் சீமெந்தையும் பார்ப்பார்கள், தண்ணீரைப் பார்க்க மாட்டார்கள். எங்கள் படிகளுக்கு மேல் பக்கத்தில் ஒரு பழைய கான் உண்டு. மலையிலிருந்து வரும் தண்ணீரைப் படியில் விடாமல் பக்கவாட்டில் கொண்டுபோய் ஓடையில் சேர்க்க, அந்தக் காலத்து ஆட்கள் வெட்டியது. முன்பெல்லாம் கான் வெட்ட என்றே ஆள் போடுவார்கள். ஆள் குறைந்ததும் கான் தூர்ந்தது, மானாப் புல் மூடியது, தண்ணீர் படியில் இறங்கியது. நூற்றாண்டாக நின்ற கல் பத்து வருடத்தில் பெயர்ந்ததற்குக் காரணம் இதுதான். ஆகவே ஒரு தடவை கட்டிக் கொடுத்துப் படம் எடுத்துவிட்டுப் போகும் உதவி வேண்டாம். வருடா வருடம் மழைக்கு முன்னால் கான் வெட்டவும், மழைக்குப் பின்னால் பார்க்கவும் ஒரு சிறு தொகை அதோடு சேர்ந்தே வர வேண்டும். 2025 கார்த்திகையில் டித்வா புயல் மலைநாட்டைச் சிதைத்த பிறகு இதை நான் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் ஓடை அன்று லயத்தின் கடைசிக் காம்பராவின் சுவரைத் தொட்டது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தார் வந்து பார்த்து, பாதை போகக்கூடிய இடம், போகக்கூடாத இடம் சொன்ன பிறகே சீமெந்து கலக்க வேண்டும். தேவைப்பட்டால் படியை வேறு வளைவில் கொண்டுபோகவும் நாங்கள் தயார்.

மற்றது, மரியாதை. பாதையில் போகிறவர்களில் பெரும்பாலானவர்கள் நல்லவர்கள். ஆனால் மேலே நின்று கமராவை நீட்டி, குளிக்கிற பெண்ணையும், சாணி மெழுகுகிற கிழவியையும், மூக்கு ஒழுகும் பிள்ளையையும் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. பாதை லயத்துக்கு மேலே நின்றுவிட்டால் லயம் ஒரு காட்சியாகிவிடுகிறது. படி இறங்கி வாசலுக்கு வந்து, பாயில் உட்கார்ந்து, நம் கையால் ஒரு குவளை தேநீர் வாங்கிக் குடித்தவர் அப்படிக் கமராவை நீட்ட மாட்டார். பெயர் கேட்பார், பிள்ளையின் படிப்பைக் கேட்பார். அவர் குடிக்கும் தேயிலையைப் பறித்தவளின் முகத்தை அவர் பார்ப்பார். ஆகவே இந்தப் படிக்கட்டு எங்கு இறங்க வேண்டும், எந்த வாசலில் திறக்க வேண்டும், எந்தப் பக்கம் திறக்கக்கூடாது என்பதை லயத்துப் பெண்கள் உட்கார்ந்து பேசித் தீர்மானிக்க வேண்டும். கொழும்பில் வரைபடம் போட்டு அனுப்பினால் அது குளிக்கும் பீலிக்குப் பக்கத்தால்தான் போகும்.

சுற்றுலாவுக்கும் பெருந்தோட்டத்துக்கும் பொறுப்பான அமைச்சுகளும், மலைநாட்டுப் பிரதேச சபைகளும் இதை வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். பீக்கோ பாதையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஒவ்வொரு லயத்துக்கும் கிராமத்துக்கும் ஒரு சிறிய கிளைப் பாதை உதவித்தொகையை அறிவியுங்கள். விண்ணப்பம் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே ஒரு பக்கமாக இருக்கட்டும். தோட்ட நிர்வாகம் சம்மதம் சொல்ல ஒரு மாதத் தவணை வையுங்கள். பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். சிரமதானத்தை எங்கள் பங்காகக் கணக்கில் எழுதுங்கள்.

மற்றத் தோட்டங்களில் இதேபோன்ற படிக்கட்டுகள் இருந்தால், அங்குள்ளவர்களும் அளந்து, எண்ணி, எழுத வேண்டும். எத்தனை மீட்டர், எத்தனை படி, எத்தனை குடும்பம், எத்தனை மூடை என்று எழுதிக் கொடுத்தால், "பார்ப்போம்" என்று சொல்வது எந்த மேசைக்கும் கொஞ்சம் கடினமாகிவிடும். எழுத உதவி தேவைப்பட்டால் செய்துகொடுக்க எனக்கு நேரம் இருக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் பணிய லயத்தார் மேல் கானை வெட்டித் திறக்கப் போகிறோம். மண்வெட்டி இருக்கிறது, ஆளும் இருக்கிறது. பெயர்ந்த கற்களைத் தேடி எடுத்து மடுவத்துக்குப் பின்னால் அடுக்கி வைக்கிறோம். சீமெந்து வரும்வரை அவை அங்கே இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்ட மருத்துவமாது,
கொட்டகலை.